நயாகராவில் புறப்பட்ட வாக்கியம்

எல்லைக்கு அப்பால் இருக்கும் தீவிரவாத முகாமின் மேல் குண்டு விழுந்த மறுநாள் காலை, குண்டு போட்ட நாட்டின் வெளியுறவுத் துறை அதிகாரி மைக் முன்னால் வந்து உட்காருவார். கையிலுள்ள தாளைப் பார்த்து நாலைந்து வாக்கியங்கள் வாசிப்பார். ஆபத்து நெருங்கிவிட்டது, வேறு வழி இருக்கவில்லை, அளவோடுதான் அடித்தோம், பக்கத்து நாடு அவர்களைத் தடுக்கவில்லை அல்லது தடுக்கத் திராணியில்லை. அதிகாரி டெல்லிக்காரராக இருக்கலாம், அங்காராவிலோ வாஷிங்டனிலோ தெஹ்ரானிலோ இருக்கலாம். வாசிப்பது கிட்டத்தட்ட ஒரே வாசகம். 2001-க்குப் பிறகு பென்டகனில் யாரோ உட்கார்ந்து எழுதியது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அதன் வயது நூற்று எண்பதைத் தாண்டிவிட்டது. பிறந்த ஊர் நயாகரா ஆற்றங்கரை. அது பிறக்கக் காரணமானவர் கலகம் செய்து தோற்ற ஒரு பத்திரிகை ஆசிரியர்.

வில்லியம் லயன் மெக்கன்சி டொராண்டோவின் முதல் மேயர். பத்திரிகை நடத்தி பிரிட்டிஷ் நிர்வாகத்தை வறுத்தெடுத்தவர். 1837 டிசம்பரில் அவர் தலைமையில் மேல் கனடாவில் கிளம்பிய கலகம் சில நாள்களிலேயே படுத்துவிட்டது. ஆளுநர் மெக்கன்சியின் தலைக்கு 1,000 பவுண்டு விலை வைத்தார். மெக்கன்சி எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு ஓடினார். அங்கே ஆதரவாளர்களைத் திரட்டிக்கொண்டு வந்து, நயாகரா ஆற்றின் நடுவே பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்த நேவி தீவைப் பிடித்துக் கொடியேற்றினார். அதுதான் கனடா குடியரசாம். படையில் சேருகிறவர்களுக்குத் தலைக்கு 300 ஏக்கர் நிலம் என்று அறிவிப்பு வேறு, அதுவும் இன்னும் கைக்கு வராத நாட்டில். பதிலுக்கு ஆளுநரின் தலைக்கு அவரும் ஒரு விலை வைத்தார்: 500 பவுண்டு. கஜானா நிலவரம் அப்படி.

பஃபலோ மக்களுக்கு இந்தக் கலகக்காரர்கள் மேல் ஒரே பாசம். அமெரிக்காவும் ஒரு காலத்தில் இதே பிரிட்டனை எதிர்த்துக் கலகம் செய்து பிறந்த நாடுதானே! ஆளும் பணமும் போயின. அரசு ஆயுதக் கிடங்குகளிலிருந்து ‘காணாமல் போன’ பீரங்கிகளும் தீவுக்குப் போயின. இவற்றை ஏற்றிச் செல்ல ஒரு கப்பல் வேண்டியிருந்தது. பஃபலோ துறைமுகத்தில் பனிக்கட்டிக்குள் சிக்கிக் கிடந்த ‘கேரோலைன்’ என்ற சிறிய நீராவிக் கப்பலைப் பனியை வெட்டி வெளியே எடுத்தார்கள். டிசம்பர் 29 அன்று அது தீவுக்கும் அமெரிக்கக் கரைக்குமாக நடை அடித்தது. அந்த ஒரு பகல்தான் அதன் சேவைக்காலம்.

அன்றிரவே, எதிர்க்கரையில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் தரப்புத் தளபதி ஆலன் மக்னாப் உத்தரவிட, கடற்படை அதிகாரி ஆண்ட்ரூ ட்ரூ சில படகுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கேரோலைன் தீவை ஒட்டி, அதாவது பிரிட்டிஷ் எல்லைக்குள், நிற்கும் என்றுதான் எதிர்பார்ப்பு. தீவின் முனையைச் சுற்றிப் பார்த்தால் அங்கே கப்பல் இல்லை. அமெரிக்கக் கரையில், ஷ்லோசர் துறையில், கட்டிக் கிடந்தது. திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. கப்பலில் பலர் தூக்கத்தில் இருந்தார்கள். கரையிலிருந்த விடுதி நிரம்பி வழிந்ததால் இடம் கேட்டு வந்து படுத்தவர்களும் அவர்களில் உண்டு. ட்ரூவின் ஆட்கள் கத்தியும் துப்பாக்கியுமாக ஏறி எல்லோரையும் விரட்டினார்கள். கப்பலுக்குத் தீ வைத்து, இழுத்துக்கொண்டு போய் ஆற்றின் நீரோட்டத்தில் விட்டார்கள். கீழே நயாகரா அருவி. விடிந்தபோது துறை மேடையில் ஆமோஸ் டர்ஃபி என்ற அமெரிக்கர் சுடப்பட்டுச் செத்துக் கிடந்தார்.

பத்திரிகைகள் சும்மா இருக்குமா? பற்றி எரியும் கப்பல், அலறும் மனிதர்களோடு அருவியின் விளிம்பில் கவிழ்வதாகச் சித்திரங்கள் வந்தன. நிஜத்தில் கப்பல் அருவியை எட்டும் முன்பே உடைந்துவிட்டது. சித்திரத்துக்கு அது எடுபடாது. பஃபலோ கொதித்தது. பதிலடியாகச் சில மாதம் கழித்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஒரு பிரிட்டிஷ் கப்பலை எரித்தார்கள். அமெரிக்க அதிபர் வான் பியூரன் எல்லைக்கு ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டை அனுப்பி ஆட்களை அடக்கி வைத்தார். கையோடு 1838 மார்ச்சில் சட்டமும் திருத்தப்பட்டது. குற்றம் நடந்த பிறகு தண்டிக்க மட்டுமே முடியும் என்றிருந்ததை மாற்றி, கப்பலையும் ஆயுதத்தையும் முன்கூட்டியே பறிமுதல் செய்யலாம் என்று ஆக்கினார்கள். உன் மண்ணிலிருந்து என்னை அடிக்கிறவனை நீ தடுக்கவில்லையே என்று பிரிட்டன் கேட்ட கேள்வி அமெரிக்காவுக்கு உறைத்திருக்கிறது என்று இதிலிருந்தே தெரிகிறது. லண்டனோ மன்னிப்புக் கேட்கவில்லை. மக்னாப் ‘சர்’ ஆனார்.

விஷயம் இத்தோடு ஆறிப்போயிருக்கும். ஆனால் 1840 நவம்பரில் அலெக்சாண்டர் மெக்லியாட் என்ற கனடாக்காரர் நியூயார்க் மாநிலத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டார். கேரோலைன் தாக்குதலில் தனக்கும் பங்குண்டு என்று வாய்ச்சவடால் விட்டார் என்று சொல்லி, டர்ஃபியைக் கொன்ற வழக்கை அவர்மேல் போட்டார்கள். பிரிட்டனின் பாமர்ஸ்டன் பிரபு சீறினார். அது அரசின் செயல், தனியாள் மேல் கொலை வழக்குப் போட்டுத் தூக்கில் தொங்கவிட்டால் போர்தான் என்றார். வாஷிங்டன் கையைப் பிசைந்தது. வழக்கு மாநில அரசின் கையில். விட்டுவிடு என்று நியூயார்க்கிடம் சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரமில்லை.

இந்த இக்கட்டில்தான் புதிதாகப் பதவியேற்றிருந்த வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் பேனாவை எடுத்தார். அந்தக் காலத்தின் பெரிய வக்கீல், பெரிய பேச்சாளர். 1841 ஏப்ரல் 24 அன்று பிரிட்டிஷ் தூதர் ஹென்றி ஃபாக்ஸுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில்தான் நம் வாக்கியம் முதன்முதலாகத் தலை காட்டுகிறது. தற்காப்பு என்று சொல்லிக்கொண்டு இன்னொரு நாட்டு எல்லைக்குள் நுழைவதென்றால், அந்தத் தேவை அந்தக் கணத்திலேயே எழுந்ததாக, தட்டிக்கழிக்க முடியாததாக, வேறு வழியைத் தேர்ந்தெடுக்க இடம் தராததாக, யோசிக்கவும் நேரம் விடாததாக இருக்க வேண்டும் என்றார். அதற்கு மேலும் ஒன்று கேட்டார்: தேவை இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், செய்தது அந்தத் தேவைக்கு மிஞ்சாமல் இருந்ததா? விடியும்வரை காத்திருக்க முடியாதா? குற்றவாளி யார், ஒன்றுமறியாதவன் யார் என்று பிரித்துப் பார்க்க முடியாதா? தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் நள்ளிரவில் பாய்ந்து, உள்ளே யார் மிச்சம் என்றுகூடத் தெரியாமல் அருவியை நோக்கி அனுப்பியது எதற்காக?

இது எதிராளியை மடக்க ஒரு வக்கீல் எழுதிய வரி. பிரிட்டன் எட்ட முடியாத உயரத்தில் கம்பியைக் கட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். நாளைக்கு நாமும் இதைத் தாண்ட வேண்டியிருக்குமே என்ற கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மெக்லியாட் அந்த இரவில் வேறிடத்தில் இருந்ததாகச் சாட்சிகள் சொல்ல, யூட்டிகா நகரின் ஜூரிகள் அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் அவரை விடுவித்தார்கள். ஆனால் இரு அரசுகளுக்கும் நடுவே மனத்தாங்கல் தீரவில்லை. தீர்த்து வைக்க 1842-இல் லண்டன் அனுப்பிய ஆள் ராஜதந்திரியல்ல, வட்டிக்கடை வம்சம். ஆஷ்பர்ட்டன் பிரபு என்ற அலெக்சாண்டர் பேரிங், பேரிங்ஸ் வங்கிக் குடும்பத்துக்காரர். 1803-இல் நெப்போலியனிடமிருந்து அமெரிக்கா லூசியானாவை வாங்கியபோது பணம் புரட்டிக் கொடுத்த வங்கி அது. பேரிங்கின் மனைவி ஃபிலடெல்ஃபியாக்காரர். வெப்ஸ்டரும் முன்பு இதே பேரிங்ஸிடம் கட்டணம் வாங்கிச் சட்ட ஆலோசனை சொன்னவர். போர் வந்தால் அமெரிக்கப் பத்திரங்களில் போட்ட காசு என்னாவது என்பது இரு தரப்புக்குமே புரியும். கடன் கொடுத்தவரும் அவருடைய வக்கீலும் எதிரெதிரே உட்கார்ந்தால் சமாதானம் வராமல் எங்கே போகும்?

ஜூலை மாத வாஷிங்டன் வெயிலில் வெந்துகொண்டே ஆஷ்பர்ட்டன் பதில் எழுதினார். நீங்கள் சொன்ன விதியை அப்படியே ஏற்கிறோம் என்றார். ஆனால் அந்த இரவில் எங்களுக்கிருந்த நெருக்கடி அந்த விதிக்குள் கச்சிதமாக அடங்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். தீவின் முனையைச் சுற்றும்வரை கப்பல் மறுகரையில் இருப்பதே தெரியாது என்ற தகவல் இங்கே கைகொடுத்தது. அப்போதே விளக்கமும் மன்னிப்பும் சொல்லியிருக்கலாம், சொல்லாமல் விட்டது வருத்தமே என்று முடித்தார். வெப்ஸ்டருக்கு அது போதும். இரு நாடுகளுக்கும் இடையிலான எல்லை ஒப்பந்தமும் கையெழுத்தானது. ட்ரூ செய்தது சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. விதியில் இருவரும் ஒத்துப்போனார்கள், அது பொருந்துகிறதா என்பதில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். இந்தப் பிறவிக் கோளாறு இன்றுவரை தொடர்கிறது.

பிறகு வாக்கியம் ஏறத்தாழ நூறு ஆண்டு தூங்கியது. காரணம் எளிது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர் தொடுப்பதே சட்டப்படி குற்றமில்லை, சாக்கு எதற்கு? 1916 மார்ச்சில் மெக்சிகோவின் பாஞ்சோ வில்யா நியூ மெக்சிகோவின் கொலம்பஸ் ஊருக்குள் புகுந்து சூறையாடினார். அமெரிக்கா ஜெனரல் பெர்ஷிங் தலைமையில் ஆயிரக்கணக்கான வீரர்களை மெக்சிகோவுக்குள் அனுப்பிப் பதினோரு மாதம் தேடியது. வில்யா அகப்படவில்லை. நடுவில் மெக்சிகோ அரசின் படையோடேயே மோதல் வந்தது. வெப்ஸ்டரின் அளவுகோலை யாராவது கையில் எடுத்திருந்தால், யோசிக்க நேரமில்லாத பதினோரு மாதங்கள் என்று எழுத வேண்டியிருந்திருக்கும்.

தூங்கிய வாக்கியத்தை எழுப்பியவர்கள் தொகுப்பாசிரியர்கள். 1906-இல் ஜான் பாசெட் மூர் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் சர்வதேச சட்ட விவகாரங்களை எட்டுத் தொகுதிகளாகத் திரட்டினார். அதில் கேரோலைனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. 1938-இல் ராபர்ட் ஜென்னிங்ஸ் என்ற இளம் ஆங்கிலேயர் இந்தக் கப்பலைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். பின்னாளில் அவர் சர்வதேச நீதிமன்றத்தின் தலைவராகவே ஆனார். அடுத்து 1946, நியூரம்பர்க். நார்வேக்குள் நாங்கள் நுழைந்தது நேச நாடுகள் முந்திக்கொண்டு வந்துவிடக்கூடாது என்ற தற்காப்புக்காகத்தான் என்று நாஜித் தலைவர்களுக்காக வாதிட்டார்கள். நீதிபதிகள் மூர் தொகுப்பைத் திறந்து, பக்க எண்ணோடு கேரோலைனை மேற்கோள் காட்டி, அந்த வாதத்தைத் தள்ளினார்கள். ஒரு கலகக் கூட்டத்தின் சரக்குக் கப்பலுக்காக எழுதிய வரி இப்போது அரசுகளுக்கிடையே நடக்கும் பெரும்போரை அளக்கும் கோலாகிவிட்டது.

இதற்கு முந்தைய ஆண்டுதான் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுதி முடிந்திருந்தது. அதன் 51-வது பிரிவும் ஒருவகையில் தற்செயல். முதல் வரைவில் தற்காப்பைப் பற்றித் தனிப் பிரிவே கிடையாது. பாதுகாப்பு சபையில் ஒரு வல்லரசு வீட்டோ போட்டுவிட்டால் எங்கள் கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் என்னாவது என்று லத்தீன் அமெரிக்க நாடுகள் பிடிவாதம் பிடித்ததால்தான் அது நுழைந்தது. ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காத்துக்கொள்ளும் இயல்பான உரிமை குறையாது, எடுத்த நடவடிக்கையை உடனே பாதுகாப்பு சபைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு. தாக்குவது நாடாக இருக்க வேண்டுமா, குழுவாகவும் இருக்கலாமா என்பதை அது சொல்லவே இல்லை. அந்த மௌனத்தில் குடியேறிய வழக்கறிஞர்கள் இன்னும் காலி செய்யவில்லை.

தொடக்கத்தில் சபை கறாராகத்தான் இருந்தது. 1968 டிசம்பரில் இஸ்ரேல் பெய்ரூட் விமான நிலையத்தில் இறங்கிப் பதின்மூன்று பயணிகள் விமானங்களைத் தகர்த்தது. கண்டனத் தீர்மானம் வந்தது. 1985 அக்டோபரில் துனிசியாவில் இருந்த பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைமையகத்தின் மேல் இஸ்ரேல் குண்டு போட்டபோது, அதை ஆக்கிரமிப்பு என்றே பதினான்கு நாடுகள் வாக்களித்தன. அமெரிக்கா மட்டும் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை, ஆனால் வீட்டோவும் போடவில்லை. மறு ஆண்டு நிகராகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றமும் ஒரு கோடு போட்டது. ஒரு நாடே ஆயுதக் குழுவை அனுப்பினால் அது தாக்குதல், வெறுமனே ஆயுதம் கொடுத்தால் அது வேறு.

அந்தக் கறார் முதலில் மெதுவாக நெகிழ்ந்தது, பிறகு ஒரே நாளில். 1993 முதல் ஈராக் மண்ணிலிருந்த, தன்னை எதிர்த்த ஈரானிய முஜாஹிதீன் குழுவின் முகாம்களைத் தாக்கிய ஈரான், 51-வது பிரிவைச் சொல்லிச் சபைக்குக் கடிதங்கள் அனுப்பியது. 1998-இல் கென்யாவிலும் தான்சானியாவிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்கா ஆப்கானிஸ்தான் முகாம்கள் மேலும் சூடானின் கார்ட்டூமிலிருந்த மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் மேலும் ஏவுகணைகளை வீசிவிட்டு, அதே பிரிவைச் சொல்லிக் கடிதம் கொடுத்தது. விசாரியுங்கள் என்று சூடான் கேட்டது, சபை விசாரிக்கவில்லை. 2001 செப்டம்பர் 12 அன்று, இரட்டைக் கோபுரங்களின் இடிபாடு இன்னும் புகைந்துகொண்டிருந்தபோது, சபை 1368-வது தீர்மானத்தை நிறைவேற்றியது. தற்காப்பு உரிமையைப் பற்றிய வரி அதன் முகவுரையில் இருந்தது. தாக்கியது எந்த நாடும் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். அக்டோபர் 7 அன்று அமெரிக்கா கொடுத்த கடிதத்தில், வேறு அமைப்புகள் மீதும் வேறு நாடுகள் மீதும் நடவடிக்கை தேவைப்படலாம் என்று ஒரு வரி சேர்ந்திருந்தது.

நகலெடுப்பவர்களுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, 2002 செப்டம்பர் 11 அன்றே, ஜார்ஜியா தன் பாங்கிசி பள்ளத்தாக்கிலுள்ள செச்சென் போராளிகளை ஒடுக்காவிட்டால் 51-வது பிரிவின்படி நாங்களே வருவோம் என்றார் புடின். அமெரிக்கா முகம் சுளித்தது. தன் சட்டை இன்னொருவன் மேல் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் சங்கடம்.

2008 மார்ச் 1 நள்ளிரவு, ஈக்வடார் எல்லைக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், தன் அரசை எதிர்த்துப் போரிட்ட ஃபார்க் கெரில்லாக்களின் முகாம் ஒன்றை கொலம்பியா குண்டு வீசி அழித்தது. தளபதி ராவுல் ரேயஸ் இறந்தார். முகாமில் தூங்கிக்கொண்டிருந்த மெக்சிகோ மாணவர்கள் நால்வரும் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களில் யார் யார் என்று பிரித்துப் பார்த்தார்களா என்ற வெப்ஸ்டரின் கேள்வி இங்கே வார்த்தை மாறாமல் பொருந்தும். ஈக்வடார் தூதரக உறவை முறித்தது. அமெரிக்க நாடுகளின் அமைப்பு இறையாண்மை மீறல் என்றது. ஒரு வாரத்துக்குள் சாண்டோ டொமிங்கோ மாநாட்டில், தொலைக்காட்சி நேரலையில், இரு அதிபர்களும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் வாக்கியத்தின் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. உடனடி ஆபத்து என்றால் குறிப்பிட்ட ஒரு தாக்குதல் உடனே நடக்கப்போகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை என்று 2013-இல் கசிந்த அமெரிக்க நீதித்துறை ஆவணம் விளக்கியது. யோசிக்க நேரமில்லை என்ற பகுதியின் கதி இன்னும் வேடிக்கை. யார்மேல் ட்ரோன் ஏவுவது என்று முடிவு செய்ய வெள்ளை மாளிகையில் வாராவாரம் கூட்டம் நடந்ததாக அமெரிக்கப் பத்திரிகைகளே எழுதின. அட்டவணை போட்டு யோசித்தார்கள். நியாயமாகச் சொன்னால், பொறுமையாக யோசித்து அடிப்பது அவசரத்தில் அடிப்பதைவிட மேல்தான். ஆனால் வெப்ஸ்டர் அனுமதித்தது அதையல்ல.

புதிய உறுப்பு ஒன்றும் ஒட்டப்பட்டது. 2014 செப்டம்பர் 23 அன்று, சிரியாவில் ஐ.எஸ். அமைப்பின் மேல் குண்டு போடத் தொடங்கிய கையோடு, ஐ.நா.வில் அமெரிக்கத் தூதர் சமந்தா பவர் ஒரு கடிதம் கொடுத்தார். ஈராக் உதவி கேட்கிறது, சிரியா தன் மண்ணிலுள்ளவர்களைத் தடுக்க விருப்பமில்லாமலோ திராணியில்லாமலோ இருக்கிறது, ஆகவே தற்காப்பு என்பது சாரம். மறு ஆண்டு துருக்கி ஏறத்தாழ அதே வார்த்தைகளில் எழுதியது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் எழுதின. 2018-இல் துருக்கி மறுபடியும் எழுதியது, இம்முறை அஃப்ரீனில் குர்துகளைத் தாக்குவதற்கு. அமெரிக்காவின் கூட்டாளிகள் மேலேயே அமெரிக்காவின் வாசகம் திரும்பியது.

நம் நாடு இந்த வரிசையில் சேர்ந்த விதம் தனி. 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் கொல்லப்பட்ட பிறகு, பாகிஸ்தானுக்குள் இந்தியாவின் பாலகோட் தாக்குதல் நடந்தது. அன்று காலை வெளியுறவுச் செயலர் விஜய் கோகலே வாசித்த அறிக்கையில் 51-வது பிரிவு இல்லை. ஆனால் உடனடி ஆபத்து இருந்தது, முந்திக்கொண்டு தாக்குவது முற்றிலும் அவசியமாகிவிட்டது என்ற வரி இருந்தது. அது ராணுவ நடவடிக்கை அல்லாத முன்தடுப்பு நடவடிக்கை என்றும் சொன்னார்கள். போர் விமானங்கள் பறந்து குண்டு போட்டது ராணுவ நடவடிக்கை இல்லையா என்று பலர் கிண்டல் செய்தார்கள். இலக்கு பாகிஸ்தான் ராணுவமல்ல என்று சொல்லவே அந்தச் சொற்கள். எழுதியவர் கெட்டிக்காரர்.

இரண்டு ஆண்டு கழித்து, 2021 பிப்ரவரியில், இந்தக் கடிதங்களைப் பற்றியே பேச வேண்டும் என்று மெக்சிகோ பாதுகாப்பு சபை உறுப்பினர்களைக் கூட்டியது. கடிதம் வருகிறது, கோப்பில் சேர்கிறது, யாரும் விவாதிப்பதில்லை, பதில் சொல்லாமலிருந்தால் சம்மதம் என்று அர்த்தமா என்பது மெக்சிகோவின் கவலை. இந்தியா அங்கே மூன்று நிபந்தனைகளை வரிசையாக வைத்தது. அரசு சாராத குழு திரும்பத் திரும்பத் தாக்கியிருக்க வேண்டும், அது இருக்கும் நாடு ஒடுக்க முன்வராமல் இருக்க வேண்டும், அந்த நாடே அதற்கு ஆதரவும் ஊட்டமும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவதைச் சேர்த்ததில் கோடு சற்று இறுகுகிறது என்பது என் வாசிப்பு. 2025 மே மாதம், பஹல்காம் படுகொலைக்குப் பிறகு ஆபரேஷன் சிந்தூர் நடந்த காலையில், வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி பதிலடி கொடுக்கவும் முன்கூட்டியே தடுக்கவும் உள்ள உரிமையைப் பற்றிப் பேசினார். அளவோடு, பதற்றம் கூட்டாமல் செய்தோம் என்றார்.

சர்வதேச நீதிமன்றம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குக் கிடைப்பது பாதிப் பதில். 2004-இல் பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரேல் கட்டிய சுவர் பற்றிய கருத்துரையில், தற்காப்பு உரிமை ஒரு நாடு இன்னொரு நாட்டைத் தாக்கும்போது எழுவது என்று ஹேக் நீதிபதிகள் சொன்னார்கள். அவர்களிலேயே சிலர், சாசனத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்று தனியாக எழுதி வைத்தார்கள். 2005-இல் காங்கோ உகாண்டா மேல் போட்ட வழக்கில் இதே கேள்வி நேராக வந்து நின்றது. இந்த வழக்குக்கு அதற்கு விடை தேவைப்படவில்லை என்று நீதிமன்றம் நகர்ந்துவிட்டது.

2024 ஜனவரி 16 அன்று ஈரான், பாகிஸ்தானின் பலுசிஸ்தானுக்குள் ஜெய்ஷ் அல்-அத்ல் குழுவின் இடங்கள் என்று சொல்லி ஏவுகணை வீசியது. இரண்டே நாளில் பாகிஸ்தான், ஈரானின் சிஸ்தான்-பலுசிஸ்தான் மாகாணத்துக்குள் பலூச் பிரிவினைவாதிகளின் பதுங்கிடங்கள் என்று சொல்லித் தாக்கியது. இரு பக்கமும் இறந்தவர்களில் குழந்தைகள் இருந்தார்கள். உன் மண்ணில் இருப்பவர்களைத்தான் அடித்தேன், உன்னையல்ல என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்த மாத முடிவுக்குள் தூதர்கள் பதவிக்குத் திரும்பினார்கள். ஈரான் வெளியுறவு அமைச்சர் இஸ்லாமாபாத் வந்து, எல்லைப் பாதுகாப்பில் ஒத்துழைப்பது பற்றிப் பேசிவிட்டுப் போனார்.